ஆறு தகரக் கதவுகள்

1

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா நோட்டீஸ் நேற்று வீட்டுக்கு வந்தது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. 'தாராவி வாழ் தமிழ் மக்களுக்கு நம் சங்கம் ஆற்றிய அரும்பணிகள்' என்று பதினோரு பணிகளை அடுக்கியிருக்கிறார்கள். வந்துபோன பிரமுகர்களுக்கு மாலை போட்டது ஒரு பணி. பொங்கலுக்குச் சடுகுடு நடத்தியது ஒரு பணி. வாசகசாலைக்குப் பெஞ்சு வாங்கியது ஒரு பணி. அந்தப் பெஞ்சில் சாயங்காலம் யார் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று என்னால் பெயரோடு சொல்ல முடியும். மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்துவிட்டேன். கக்கூஸ் கதவைக் காணோம்.

நோட்டீஸைக் கொண்டுவந்த என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். அவர் சங்கத்தில் துணைச் செயலாளர்.

"கதவு எங்க?"

"அத எப்படிளா நோட்டீஸுல போட? நாலு பெரிய மனுசங்க படிக்கிற காகிதம்."

"பெரிய மனுசங்க போறதில்லையாக்கும்?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உங்கள் பத்திரிகை ஆசிரியர், பம்பாய் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பும்படி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சமுத்திரக்கரை, டிராம் வண்டி, ஏழு மாடிக் கட்டடம் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். நான் கக்கூஸைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

2

நான் இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரி. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் அது ஒன்றுதான் இன்னும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள் என்பதால் எங்கள் சந்துப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான்தான். யார் எருமை கன்று போட்டது, யார் மாமியார் யாரை என்ன சொன்னாள் என்பதெல்லாம் என் பேனா வழியாகத்தான் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்வருகிறது.

எங்கள் சந்தில் ஆறு ஊர்க்காரர்கள் இருக்கிறோம். ஊருக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பெரியவர், ஆறும் சேர்ந்தால் சங்கம். எதைப் பங்கு வைத்தாலும் ஊருக்கு ஒன்று என்று வைக்க வேண்டும். கோயில் கொடைக்கு வெட்டிய கிடாயானாலும் சரி, மேடையில் பேசுகிற வாய்ப்பானாலும் சரி. ஒரு ஊரை விட்டுவிட்டால் அன்றைக்கே வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

சந்தின் கோடியில் முனிசிபாலிட்டி கக்கூஸ். ஆண்கள் பக்கம் ஆறு, பெண்கள் பக்கம் ஆறு. எல்லாவற்றுக்கும் மரக் கதவு இருந்தது, உலகச் சண்டை முடிகிற சமயத்தில் வந்த அந்த மழைக்காலம் வரைக்கும். அந்த மழை நாள் கணக்கில் விடவில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை, கரி இல்லை. விறகுக் கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டான். அரிசி கையில் இருக்கிறது, அடுப்பில் நெருப்பு இல்லை. குழந்தைகள் ஊறவைத்த அரிசியைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதன. சங்கத்தார் கூடிப் பேசினார்கள். பெண்கள் பக்கம் ஆறு கதவு, ஊர்களும் ஆறு. பிறகென்ன? கடப்பாரையோடு போய்க் கழற்றி, ஊருக்கு ஒரு கதவு, வீட்டுக்கு ஒரு பலகை என்று பங்கு வைத்துவிட்டார்கள்.

ஆண்கள் பக்கத்துக் கதவுகளை ஒருவரும் தொடவில்லை. கேட்டதற்கு, "அது உளுத்த மரம்" என்றார்கள். உளுத்த மரம் எரியாதா என்று கேட்க அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் பங்குக்கு வந்த பலகையில் நான் கஞ்சி காய்ச்சினேன், எல்லோரும் குடித்தோம். கழற்றியது அவர்கள், எரித்தது நாங்கள். இதை நான் ஒளிக்க மாட்டேன்.

மழை நின்றது. கரி வந்தது. கதவு வரவில்லை.

பிறகு நாங்கள் ஜோடி போட்டுக்கொண்டு போகத் தொடங்கினோம். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வாசலில் முதுகைக் காட்டி நின்று, பழைய சேலையொன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். கை வலித்தால் சேலை தாழும். எதிரே ஆண்கள் போகிற பாதை. விடியுமுன் போனால் போனதுதான். பகலில் வயிற்றைக் கலக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எங்கள் சந்துப் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள், அதுவும் பம்பாய்ப் புழுக்கத்தில். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் நீர்க்கடுப்பு வந்து பத்து நாள் சுருண்டு கிடந்தாள். என்ன நோய் என்று புருஷன் கேட்டதற்கு, "சூடு" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

3

அடுத்து வந்த தை மாதத்தில் என் மகள் வடிவு பெரியவளானாள். பதின்மூன்று வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

இங்கேயே பிறந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். குழாயடியில் சண்டை வந்தால் மராத்தி, கூட்டாளிகளோடு இந்தி, பசித்தால் மட்டும் தமிழ். ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டினால், "இவங்கெல்லாம் யாரும்மா?" என்பாள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் முகத்தில் வருத்தத்தைக் காணோமே, நான் என்ன செய்ய?

பத்து நாளில் என் வீட்டுக்காரரின் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. 'வயசுப் பிள்ளையைக் கதவில்லாத இடத்துக்கு அனுப்புவது நம் குடும்பத்துக்கு அழகல்ல. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரும்போது வடிவை இங்கேயே விட்டுப் போகவும். தங்கச்சி மகனுக்குப் பேசி முடித்துவிடலாம்.' கதவு போன சங்கதி அவருக்கு எப்படித் தெரிந்தது? சந்தில் யாரோ சொல்லச் சொல்ல நானே எழுதிய கடிதம்தான் போயிருக்கும். என் கையெழுத்து எனக்கே வினையாக வந்து நின்றது.

"அண்ணன் சொல்லுதது சரிதானளா" என்றார் இவர். "நீயே சொல்லு, பிள்ளைய எங்கன அனுப்புவ?"

"உங்க ஊருல மட்டும் கதவு இருக்காக்கும்? அங்க கக்கூஸே கிடையாதே!"

"உடமுள்ளுக் காடு இருக்குல்லா. மறைவு இருக்கு."

"இங்கயும் மறைவு இருந்துச்சு. நீங்கதான் கடப்பாரையத் தூக்கிட்டுப் போனிய."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்தார். போவதற்கு மூன்று, திரும்புவதற்கு இரண்டு.

வடிவு அந்த டிக்கெட்டுகளைப் பார்த்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"கம்மியா சாப்பிட்டா கம்மியாத்தான போணும்? ஒரு நாளைக்கு ஒரு தடவ, விடியுமுன்ன போயிட்டு வந்திருவேன். யாரும் பாக்க மாட்டாங்க. அப்ப ஊருக்கு அனுப்ப மாட்டியல்லா?"

அந்த நிமிஷம் ஆறு ஊர்ப் பெரியவர்களும் என் முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பங்குனி உத்திரத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

4

சங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. முனிசிபாலிட்டிக்குக் கொடுக்க மகஜர் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஊருக்கு இரண்டு கோரிக்கை வீதம் பன்னிரண்டு. தமிழ் ஹைஸ்கூல், ஆஸ்பத்திரி, தபாலாபீஸ், தார் ரோடு, சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் நிலம், இருபது குழாய், கோயிலுக்கு இடம், விளையாட்டு மைதானம் என்று போயிற்று. பன்னிரண்டாவது 'சுகாதார வசதிகள் இத்யாதி'. எங்கள் கதவு அந்த இத்யாதிக்குள் இருந்தது.

மகஜரை இங்கிலீஷில் டைப் அடிக்க மாட்டுங்காவில் ஒருவர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். ஏதோ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வைத்து வெளிக் காகிதம் அடித்துக் கொடுப்பார். என் வீட்டுக்காரருக்கு அன்று கம்பெனியில் வேலை என்பதால் நானும் வடிவும் நடந்தே போனோம். நல்ல வெயில். அவர் மனைவி வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள் வடிவு.

"ஏண்டிம்மா, உதடெல்லாம் காஞ்சு போயிருக்கே!"

"வேண்டாம் மாமி."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். யாரிடமும் சொல்லாத விஷயத்தை, முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் கடகடவென்று கொட்டிவிட்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மகஜரைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் இதுல எழுதலை?" என்றார்.

"எழுதியிருக்கு சாமி. இத்யாதியில."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் இருபது வருஷமா ஆபீஸ்ல கடுதாசி பாத்துண்டிருக்கேன். பன்னெண்டு விஷயம் எழுதினா பன்னெண்டு டிபார்ட்மெண்ட். மொதல் டேபிள்காரன் பாப்பான், 'இதுல என்னோடது ஒண்ணுதான், மத்தது அடுத்தவனோடது'ம்பான். தள்ளி விட்டுடுவான். இது ஒரு சுத்து சுத்தி வரதுக்குள்ள உங்க பொண்ணு பேரன் பேத்தி எடுத்துடுவா. ஒரு கடுதாசின்னா ஒரு விஷயம். ஒரே ஒரு ஆள் பேனாவைத் தொறந்தா முடியற காரியமா இருக்கணும்."

"அப்படின்னா எதக் கேக்க?"

"அதை நான் சொல்லப்படாது. உங்க தெருக்காரா கூடித்தான் சொல்லணும். சொல்லிட்டு வாங்கோ, காசு வேண்டாம், அடிச்சுத் தரேன்."

மகஜரை அடிக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அவர் சொன்னதையே மனசில் உருட்டிக்கொண்டு வந்தேன். கதவைப் பங்கு வைத்த அதே புத்தியில்தான் கோரிக்கையையும் பங்கு வைத்திருக்கிறோம் என்பது ரயில்வே கேட் வந்தபோது சுரீரென்று உறைத்தது.

5

எங்கள் பெண்கள் எல்லோரும் கூடுகிற இடம் ஒன்றே ஒன்று, குழாயடி. காலையில் தண்ணீர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். மறுநாள் நான் வரிசையின் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"ஏ பிள்ளைகளா, கேளுங்க. முனிசிபாலிட்டில ஒண்ணே ஒண்ணு கேக்கப்போறோம். உத்திரத்துக்குள்ள நடக்கணும். ஒரு ஆபீசர் கையெழுத்துப் போட்டா நடக்கணும். நடந்துச்சா இல்லியான்னு நாமளே கண்ணால பாக்கணும். என்ன கேக்கலாம்?"

"இன்னொரு குழா கேளு" என்றாள் ஒருத்தி.

"குழாய்க்கு இரும்பு இல்லன்னு போன வருஷமே எழுதிட்டானே. நீயா வார்த்துக் குடுக்கப்போற?"

"அப்பம் பள்ளிக்கூடம்."

"நீ ஒண்ணு! அது கட்டி முடியுமுன்ன படிக்க வேண்டிய பிள்ளையளுக்குப் பிள்ளை பிறந்திரும்."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கதவை மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. எல்லோர் வாயிலும் இருந்தது, ஒருத்தி வாயும் திறக்கவில்லை. அப்போதுதான் பேச்சியம்மாள் பேசினாள்.

"இடுகாட்டுக்கு நிலம் கேளு."

முந்தின வருஷம் அவளுடைய ஆறு மாதப் பிள்ளை இறந்து, புதைக்க இடம் தேடி அவளும் புருஷனும் எங்கெங்கோ சுமந்துகொண்டு அலைந்தது எல்லோருக்கும் தெரியும்.

"பேச்சி, நிலம்னா கலெக்டரு, சர்க்காரு, எத்தனையோ மேசை. உத்திரத்துக்குள்ள நடக்குமா?"

"உனக்கு உத்திரம்!" அவள் குடத்தைத் தரையில் டங்கென்று வைத்தாள். "நீ உம்மகளுக்காகக் கேக்க. எனக்குத் தெரியாதாக்கும்? எம்மகனுக்கு யாருட்டி கேப்பா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊருக்காகக் கேட்கிறேன், பெண்குலத்துக்காகக் கேட்கிறேன் என்று மேடைக்காரர்கள் மாதிரி அளந்திருக்கலாம்.

"ஆமாட்டி, எம்மகளுக்காகத்தான் கேக்கேன். அவ தின்னாம கிடக்கா, நான் பெத்தவ, கேக்கத்தான் செய்வேன். நீயும்தான் பத்து நாளு சுருண்டு கிடந்த. அது என்னன்னு உன் புருஷங்கிட்டச் சொன்னியா? சூடுன்னு சொன்ன. இவளுகளுக்கும் சூடுதான். இந்தச் சந்து முழுக்கச் சூடுதான். கதவு இருந்தா யாருக்காவது சூடு வருமா?"

பேச்சியம்மாள் அழுதுகொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு பேச்சை நிறுத்த முடியவில்லை. யார் எத்தனை நேரம் அடக்கினாள், காற்றில் யார் சேலை பறந்தது, யாரைப் பார்த்து எவன் பாட்டுப் பாடினான் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள், சொல்லி முடித்ததும் முகம் மாறிப்போனது.

"கதவுன்னு சொல்லுதவ குடத்த வரிசையவிட்டு எடுத்து இந்தப் பக்கம் வைங்க" என்றேன்.

குழாயடியில் நின்றவர்களுக்குத் தெரியும், அது லேசான விஷயமில்லை. வரிசையிலிருந்து குடத்தை எடுத்தால் இடம் போயிற்று. தண்ணீர் வருகிற நேரம் வேறு. முதலில் இரண்டு குடம் வந்தது. அப்புறம் ஐந்து. கொஞ்ச நேரத்தில் குழாய்க்கு முன்னால் ஒரு குடம் மட்டும் நின்றது, பேச்சியம்மாளுடையது. அவள் அதை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அடுத்த காகிதம் என்னது. எழுதித் தருவியா?"

"தருவேன்."

குடத்தை எங்கள் பக்கம் வைத்தாள்.

6

சங்கத் தலைவர் அப்போது சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். இப்போது செம்பூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், தேக்குக் கதவு என்று கேள்வி. சங்க முத்திரை அவர் கடை மேசையில்தான் இருக்கும். மாட்டுங்காக்காரர் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்த ஒற்றைத் தாளை நீட்டி, முத்திரை வைத்துத் தரும்படி கேட்டேன். என் வீட்டுக்காரரும் கூட நின்றார்.

"ஏம்மா, ஹைஸ்கூல் கேட்ட சங்கம் கக்கூஸுக் கதவு கேக்குன்னு தெரிஞ்சா மத்தவன் சிரிக்க மாட்டான்?"

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. ஹைஸ்கூல்தான் இன்னும் வரலியே, அதுக்கும் சிரிச்சுட்டுப் போறான்."

"நம்ம பொம்பளையளோட மானத்த முனிசிபாலிட்டி மேசையில கொண்டு வைக்கணுமா?"

"சேலையப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கையில போவாத மானம் மேசையில போயிருமாக்கும்?"

அவர் முத்திரையை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்திரை இல்லாவிட்டால் போகிறது, எங்களுக்குக் கட்டைவிரல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலைக்குள் தாளின் பின்பக்கமும் மையாகிவிட்டது.

நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த அந்தக் காகிதத்தின் பேரில் மாசியில் வார்டு ஆபீசிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தார். கூப்பிடாமலே தலைவரும் வந்து முன்னால் நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டருக்கு மராத்தி, எங்களுக்கு வடிவுதான் வாய்.

"கொடுத்த கதவுகள் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சோர், சாப்! சோர் லே கயா" என்றார் தலைவர். திருடன் கொண்டுபோய்விட்டானாம்.

இன்ஸ்பெக்டர் ஆண்கள் பக்கத்துக் கதவுகளைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் கதவை மட்டும் பொறுக்கித் திருடிய திருடனைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தப் போனார். காரியம் கெட்டுப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"வடிவு, நாங்கதான் எரிச்சோம்னு சொல்லு."

"அம்மா! ஜெயில்ல போட்டிருவாங்க."

"சொல்லுளா!"

சொன்னாள். மழையையும் ஊறவைத்த அரிசியையும் சேர்த்தே சொன்னாள். "எங்க வீட்டுலயும் ஒரு பலகை" என்று பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தலைவர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

அபராதம் போடுவேன் என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குப் பொறுக்கவில்லை, தெரிந்த அரைகுறை இந்தியில் நானே சொன்னேன், அபராதத்தையும் போடுங்கள், கதவையும் போடுங்கள் என்று. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மறுபடியும் மழை வரும். மறுபடியும் எரிப்பீர்கள்."

"தகரத்துல போடச் சொல்லு, வடிவு. தகரம் எரியாதுன்னு சொல்லு."

பேனா மறுபடி திறந்தது.

அதற்குப் பின் பேச்சுமூச்சு இல்லை. மாசி போய்ப் பங்குனி பிறந்துவிட்டது. வீட்டில் டிரங்குப் பெட்டி பரணிலிருந்து இறங்கியது. வடிவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு திங்கட்கிழமை நாங்கள் ஆறு பேர், ஊருக்கு ஒருத்தியாக, வார்டு ஆபீசுக்குக் கிளம்பினோம். வடிவையும் கூட்டிக்கொண்டேன். காலையிலிருந்து மாலை வரை வராந்தாவில் உட்காரவைத்து, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினார்கள். நாளைக்குப் போனால் அடுத்த வாரம் என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வேறு மாதிரி போனோம். கிளம்புமுன் பேச்சியம்மாள் வீட்டில் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்தோம். எத்தனையோ மாதம் கழித்துப் பகலில் வயிறு நிறையக் குடித்த தண்ணீர். அந்த ஆபீசில் பெண்களுக்கென்று ஒரே ஒரு கக்கூஸ், இரண்டு பெண் டைப்பிஸ்டுகளுக்காக வைத்திருந்தது. நல்ல கனமான கதவு, உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள். பேச்சியம்மாள் முதலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கால் மணி நேரம். அவள் வந்ததும் நான். அப்புறம் அடுத்தவள். ஆறு பேரும் முடித்ததும் பேச்சியம்மாள் மறுபடி வரிசையில் நின்றாள். பியூன் கத்தினான். ஒரு டைப்பிஸ்ட் வந்து பார்த்துவிட்டுப் போனாள், மறுபடி வந்தாள், காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். கடைசியில் இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார்.

"என்ன கூத்து இது?"

"கதவு எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு ஐயா" என்றாள் பேச்சியம்மாள் தமிழிலேயே. "ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

வடிவு அதைச் சிரித்துக்கொண்டே மராத்தியில் சொன்னாள். காத்து நின்ற டைப்பிஸ்ட் பெண் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் மராத்தியில் நாலு வார்த்தை படபடவென்று பேசினாள். என்ன சொன்னாள் என்று வடிவைக் கேட்டேன்.

"இவங்களுக்கு இன்னைக்கே கதவு குடுத்து அனுப்பு, இல்லாட்டி நான் உன் மேசையில வந்து உக்காந்திருவேன்னு சொல்லுதாங்க."

சாயங்காலம் கையெழுத்தாகிவிட்டது.

7

உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கைவண்டியில் ஆறு தகரக் கதவு வந்தது. இரும்புச் சட்டம், உள்பக்கம் தாழ்ப்பாள். மாட்ட வந்தவன் ஒரே ஆள். கதவைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். என் வீட்டுக்காரர், யாரும் சொல்லாமலே போய்ப் பிடித்தார். ஆறு கதவையும் அவர்தான் பிடித்தார். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது சொன்னேன்.

"நீங்க மட்டும் போய்ச் சாஸ்தாவக் கும்பிட்டுட்டு வாங்க. பிள்ளை வராது. நானும் வரல."

துண்டால் கையைத் துடைத்தார். "அண்ணங்கிட்ட என்ன சொல்ல?"

"கதவு போட்டாச்சுன்னு சொல்லுங்க."

தனியாகத்தான் போய் வந்தார். அண்ணன் அதன் பிறகு எங்களுக்குக் கடிதம் போடவில்லை. பேச்சியம்மாளின் காகிதத்தை அந்தச் சித்திரையிலேயே எழுதினேன். இரண்டு வருஷமாக மேசை மேசையாக அலைகிறது, நாங்களும் விடாமல் அதன் பின்னால் அலைகிறோம். அந்தக் காரியம் பெரிது, எத்தனை திங்கட்கிழமை ஆகுமோ தெரியாது. சங்கத்தின் அரும்பணிகளில் எங்கள் கதவு இல்லாவிட்டால் போகட்டும். எதைச் சாதித்தீர்கள் என்று ஊரில் யாராவது கேட்டால், அந்தப் பங்குனி மாதத்து மத்தியானத்தைச் சொல்லுவேன்.

கதவு மாட்டிய மறுநாள், உச்சி வெயிலில், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வடிவு தனியாகக் கிளம்பினாள். நான் பின்னால் போனது அவளுக்குத் தெரியாது. கடைசிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மற்ற ஐந்திலும் ஆள். எதிரே ஆண்கள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்குத் தகரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மனைவி வேகு வேகென்று வந்தாள். குழாயடியில் குடம் வைக்காதவள், தாளில் கைநாட்டு வைக்காதவள். வடிவு போன கதவைப் படபடவென்று தட்டினாள்.

"யாரு உள்ள? சீக்கிரம் வெளிய வா!"

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து என் மகளின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"ஆள் இருக்கு! நில்லுங்க!"

தலைவரின் மனைவி நின்றாள்.